பின்சீட்டுக் கணக்கு

நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் அடிக்கடி வரும் செய்தி அது. கணவர் ஓட்ட, மனைவி பின்னால் உட்கார்ந்து போகிறார்கள். ஊருக்கு வெளியே ஒரு ஸ்பீடு பிரேக்கர். வண்டி ஏறி இறங்கியதில் மனைவி தவறி விழுகிறார், பின்மண்டையில் அடி. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலோ மறுநாள் விடிவதற்குள்ளோ உயிர் போய்விடுகிறது. ஓட்டியவருக்கு முழங்கையில் சிராய்ப்பு. பல சமயம் அதுகூட இருப்பதில்லை, வண்டியே கீழே விழுந்திருக்காது. எதிரே லாரி வரவில்லை, யாரும் குடித்திருக்கவில்லை, வேகமாகவும் போகவில்லை. துக்கம் கேட்க வருகிறவர்கள் "அவ நேரம் முடிஞ்சுது, யார் என்ன பண்ண முடியும்" என்று சொல்லிவிட்டுப் போவார்கள்.

துக்க வீட்டில் அப்படித்தான் பேச முடியும். ஆனால் அடுத்த வாரமும் அதே செய்தி வேறு ஊர்ப் பெயரோடு வரும்போது அந்தப் பேச்சு உறுத்துகிறது. ஒரே வண்டி, ஒரே சாலை, ஒரே நொடி. ஒருவர் வீட்டுக்கு வருகிறார், ஒருவர் வரவில்லை. இருவருக்கும் நடுவே இருந்த வித்தியாசங்களை ஒவ்வொன்றாக எழுதிப் பார்த்தால் எல்லாமே சாதாரண விஷயங்கள். யார் கையில் ஹேண்டில் பார் இருந்தது, யார் கண்ணுக்குப் பாதை தெரிந்தது, யார் பின்சக்கரத்தின் மேலே உட்கார்ந்திருந்தார், யார் தலையில் ஹெல்மெட் இருந்தது. இதில் விதிக்கு வேலையே இல்லை.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் 2022 அறிக்கைப்படி, அந்த ஆண்டு நாடு முழுக்கச் சாலை விபத்துகளில் இறந்த 1,68,491 பேரில் 74,897 பேர் இருசக்கர வண்டியில் போனவர்கள். ஹெல்மெட் போடாமல் இறந்தவர்கள் 50,029. அதில் ஓட்டியவர்கள் 35,692, பின்னால் இருந்தவர்கள் 14,337. பத்துக்கு மூன்று பேர் என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு சிக்னலில் நின்று பார்த்தால் தெரியும், பாதி வண்டிகளுக்கு மேல் ஆள் இல்லாத பின்சீட்டோடுதான் ஓடுகின்றன. அதை மனதில் வைத்துப் படித்தால் 14,337 சின்ன எண் அல்ல.

எதில் போய் மோதுகிறோம்

காயத்தின் அளவைத் தீர்மானிப்பது வேகம் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். உண்மைதான், ஆனால் முழு உண்மை அல்ல. மணிக்கு 50 கி.மீ. என்பது சுமார் 10 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது மூன்றாவது மாடியிலிருந்து, விழுந்து தரையைத் தொடும் வேகம். 30 கி.மீ. என்றால் மூன்றரை மீட்டர் உயரம். வேகம் இரண்டு மடங்கானால் உடம்பு தாங்கவேண்டிய ஆற்றல் நான்கு மடங்காகும் என்பதால்தான் 40-க்கும் 60-க்கும் நடுவே நாம் நினைப்பதைவிடப் பெரிய பள்ளம் இருக்கிறது.

ஆனால் அதே 50 கி.மீ.யில் விழுந்தவர் வழுக்கிக்கொண்டு போவதற்கு வெற்றுச் சாலை கிடைத்தால் கதை மாறிவிடுகிறது. தார்ச்சாலையில் உடம்பு தேய்ந்து நிற்கச் சுமார் 15 மீட்டர் ஆகும், இரண்டு நொடிக்குச் சற்று மேல். சட்டை கிழியும், தோல் போகும், ஒரு மாதத்துக்குக் குளிக்கும்போதெல்லாம் எரியும். உள்ளுறுப்புகள் தப்பிவிடும். அந்த 15 மீட்டருக்குள் ஒரு விளக்குக் கம்பமோ, மீடியனின் சிமென்ட் விளிம்போ, புளியமரமோ இருந்தால் உடம்பு நிற்பதற்குக் கிடைப்பது 15 செ.மீ.தான். தூரம் நூறில் ஒரு பங்கானால் விசை நூறு மடங்கு. பந்தயத் தடத்தில் 200 கி.மீ. வேகத்தில் விழுந்தவர் எழுந்து கையை உதறிக்கொண்டு நடப்பதைப் பார்த்து "அவங்க டிரெஸ் அப்படி" என்கிறோம். தோல் உடை சரி, அதைவிட முக்கியம் தடத்தின் ஓரத்தில் மோதுவதற்கு எதுவும் இல்லாத அந்தச் சரளை மைதானம். நம் புறவழிச்சாலையில் அந்த இடத்தில் டீக்கடையும் விளக்கில்லாமல் நிறுத்திய லாரியும் இருக்கின்றன.

அந்த லாரி தனி வகை. லாரிக்குப் பின்னால் கீழே பொருத்தும் தடுப்புச் சட்டம் வளைந்தோ இல்லாமலோ இருந்தால், பைக்கின் முன்சக்கரம் அடியில் புகுந்துவிடும். லாரித் தளத்தின் விளிம்பு சரியாக மார்புக்கும் முகத்துக்கும் வரும். இங்கே முன்னால் இருப்பவர்தான் முதலில் அடி வாங்குகிறார், பின்னால் இருப்பவருக்கு அவர் உடம்பே மெத்தையாகிவிடுகிறது. அதேபோல், இடப்பக்கம் திரும்பும் பஸ்ஸின் பின்சக்கரத்துக்குள் விழுந்தால் எந்த ஹெல்மெட்டும் காப்பாற்றாது. பல டன் எடையைத் தாங்குவதற்காக ஹெல்மெட் செய்யப்படவில்லை. இதைச் சொல்லிவிடுவது நல்லது, ஏனென்றால் "ஹெல்மெட் போட்டவனும்தான் செத்தான்" என்ற வாதம் பெரும்பாலும் இந்த மாதிரி விபத்திலிருந்துதான் எடுக்கப்படுகிறது.

இன்னொரு பழைய ஆலோசனையையும் இங்கேயே முடித்துவிடலாம். "மோதுற மாதிரி இருந்தா வண்டியைப் படுக்கப் போட்டுடு" என்று அனுபவசாலிகள் சொல்வதுண்டு. டயர் தாரைப் பிடிக்கும் பிடிப்பில் பாதியளவுதான் கிராஷ் கார்டும் சைலன்சரும் பிடிக்கும். படுத்த வண்டி வேகத்தை மெதுவாகத்தான் இழக்கிறது, அதாவது அதிக வேகத்தோடு போய் மோதுகிறது. அதோடு விழும்போதே தலையும் தோளும் முதல் அடியை வாங்கிவிடுகின்றன. 125 சி.சி.க்கு மேற்பட்ட வண்டிகளுக்கு, பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ்.ஸும், அதற்குக் கீழே இரு சக்கர பிரேக்கையும் சேர்த்துப் பிடிக்கும் சி.பி.எஸ்.ஸும் 2019 ஏப்ரல் முதல் எல்லாப் புது வண்டிக்கும் கட்டாயமானதற்குக் காரணம் இதுதான். நிமிர்ந்தபடியே கடைசிவரை பிரேக் பிடித்து 50-ஐ 30 ஆக்கிவிட்டு மோதினால் மூன்றாவது மாடி முதல் மாடியாகிவிடும்.

சாலை விபத்து ஆராய்ச்சியில் இன்றுவரை மேற்கோள் காட்டப்படுவது ஹாரி ஹர்ட் குழு லாஸ் ஏஞ்சல்ஸில் 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளை நேரில் ஆராய்ந்து 1981-இல் வெளியிட்ட அறிக்கை. மோதிய கணத்து வேகங்களை வரிசைப்படுத்தினால் நடுவில் நின்றது மணிக்குச் சுமார் 35 கி.மீ. அமெரிக்காவில், பெரிய எஞ்சின் வண்டிகளில், அகலமான சாலைகளில். ஆட்கள் அடிபடுவது பெரும்பாலும் சாதாரண வேகத்தில்தான் என்பது அப்போதே தெரிந்துவிட்டது.

ஸ்பீடாமீட்டரில் தெரியாத வேகம்

"மெதுவாத்தாங்க போனேன், இருபதுகூட இருக்காது." ஸ்பீடு பிரேக்கரில் மனைவியை இழந்தவர் போலீசிடம் சொல்லும் இந்த வாக்கியம் பெரும்பாலும் உண்மை. கேட்பவர்கள்தான் நம்புவதில்லை. இந்த முடிச்சு அவிழ வேண்டுமானால், விழுகிறவருக்கு இரண்டு வேகங்கள் உண்டு என்பதைப் பார்க்கவேண்டும். ஒன்று வண்டியின் வேகம், அது சாலையின் போக்கில் கிடையாகப் போகிறது. இன்னொன்று கீழ்நோக்கிய வேகம். அது எவ்வளவு உயரத்திலிருந்து விழுகிறார் என்பதை மட்டும் பொறுத்தது. வண்டி 20-இல் போனாலும் 60-இல் போனாலும், ஏன், நின்றுகொண்டிருந்தாலும் அது ஒன்றுதான்.

ஸ்கூட்டரின் இருக்கை தரையிலிருந்து முக்கால் மீட்டர். உட்கார்ந்தவரின் இடுப்பிலிருந்து உச்சந்தலைவரை இன்னொரு முக்கால் மீட்டருக்குச் சற்று அதிகம். ஆக, தலை சுமார் ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஒன்றரை மீட்டரிலிருந்து தடையில்லாமல் விழுந்தால் தரையைத் தொடும்போது வேகம் நொடிக்கு 5.4 மீட்டர், அதாவது மணிக்கு கிட்டத்தட்ட 20 கி.மீ. கையை ஊன்றாமல் மல்லாக்க விழுந்தால் அந்த வேகம் முழுவதும் பின்மண்டையில் இறங்குகிறது.

20 கி.மீ. ஒரு வேகமா என்று தோன்றும். தலை எவ்வளவு தூரத்துக்குள் நிற்கிறது என்று பார்க்கவேண்டும். தார் நசுங்காது. தலைத்தோலும் எலும்பும் சேர்ந்து விட்டுக்கொடுப்பது சில மில்லிமீட்டர். 3 மி.மீ. என்று எடுத்துக்கொண்டால், தலை சராசரியாகப் புவியீர்ப்பின் 500 மடங்கு விசையோடு நிறுத்தப்படுகிறது. மண்டை உடையப் போதும், அது உடையாவிட்டாலும் உள்ளே மூளை முன்னும் பின்னும் மோதிக் கசிய அதுவே போதும். அதே தலைக்கும் தாருக்கும் நடுவே, ஹெல்மெட்டின் உள்பக்கம் இருப்பதுபோல, 25 மி.மீ. அளவு நசுங்கக்கூடிய தெர்மாகோல் இருந்தால் இந்த 500 சுமார் 60 ஆகிறது. நிஜ மோதலில் உச்ச அளவு சராசரியைவிட அதிகமாகப் போகும் என்பதைக் கழித்துக்கொண்டாலும், ஒரு பக்கம் சாவு, மறுபக்கம் தலைவலி. ஐரோப்பாவில் அண்மைவரை இருந்த ஈ.சி.ஈ. 22.05 தரச் சோதனையில் ஹெல்மெட்டை இடித்த வேகம் நொடிக்கு 7.5 மீட்டர், 27 கி.மீ. உள்ளே இருக்கும் பொம்மைத் தலைக்கு 275 மடங்குக்கு மேல் போகக்கூடாது என்றிருந்தது. "27-க்குத்தான் டெஸ்ட் பண்றாங்க, நாம 60-ல போறோம்" என்று இதைக் கேலி செய்பவர்கள் உண்டு. சோதனை பார்ப்பது பெரும்பாலும் அந்தக் கீழ்நோக்கிய வேகத்தைத்தான். பின்சீட்டிலிருந்து விழும் விழுகை ஹெல்மெட் எதற்காகச் செய்யப்பட்டதோ அதற்குள் கச்சிதமாக அடங்குகிறது. தவிர்த்திருக்கக்கூடிய சாவுகளின் பட்டியல் போட்டால் இதைத்தான் முதலில் எழுதுவேன்.

சரி, ஏன் பின்னால் இருப்பவர் மட்டும் விழுகிறார்? வண்டியின் இரு சக்கரங்களுக்கு நடுவே ஓட்டுநர் இருக்கிறார், பின்சக்கர அச்சுக்கு நேர்மேலேயோ அதற்கும் பின்னாலோ பின்சீட்காரர். பின்சக்கரம் 10 செ.மீ. தூக்கப்பட்டால் ஓட்டுநரின் இருக்கை அதில் பாதிதான் உயரும், பின்சீட் ஏறக்குறைய முழுதாக உயரும். இரண்டு பேர் எடையில் ஷாக் அப்சார்பர் ஏற்கெனவே அமுங்கியிருக்கிறது. மிச்சமிருக்கும் இடமும் தீர்ந்து அது அடிவரை போய் இடித்தால், அந்த உதை குஷனைத் தாண்டி நேரே இடுப்புக்கு வருகிறது. சாலைகளுக்குத் தரம் வகுக்கும் இந்திய சாலைக் காங்கிரசின் 1988 விதிப்படி ஸ்பீடு பிரேக்கர் 3.7 மீட்டர் அகலம், 10 செ.மீ. உயரம் இருக்கவேண்டும், 25 கி.மீ. வேகத்தில் சிரமமில்லாமல் கடக்கும்படி. நம் தெருக்களில் இருப்பது அரை மீட்டர் அகலத்தில், இரவோடு இரவாகப் போட்ட, வெள்ளைக் கோடு இல்லாத மேடு. அதே 10 செ.மீ. உயரத்தை அதில் ஏழில் ஒரு பங்கு நேரத்தில் ஏறவேண்டியிருக்கிறது.

இதோடு ஓட்டுநரின் வலது கை சேர்கிறது. முன்சக்கரம் மேட்டைத் தாண்டியதும் நம்மில் பலர் தன்னையறியாமல் ஆக்சிலரேட்டரைத் திருகுகிறோம், ஓட்டுகிறவருக்கு மேடு முடிந்துவிட்டது. பின்னால் இருப்பவருக்கு அப்போதுதான் ஆரம்பிக்கிறது. பின்சக்கரம் மேலே உதைக்கும் அதே கணத்தில் வண்டி முன்னே பாய்கிறது. இருக்கையை விட்டு எழும்பிய உடம்புக்கு அடியிலிருந்து இருக்கை நழுவிப் போய்விடுகிறது. பின்சக்கரமும் இறங்கி முடியும்வரை ஆக்சிலரேட்டரைத் தொடாமல் இருப்பது ஒரு நொடி வேலை. ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி எதிலும் இதைச் சொல்லிக்கொடுப்பதாகத் தெரியவில்லை.

இப்போது அவர் சேலையில் ஒருபக்கமாக உட்கார்ந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். முகம் இடப்பக்கம். வலது கை கணவரின் தோளிலோ இடுப்பிலோ. மடியில் காய்கறிப் பையோ குழந்தையோ, அதை இடது கை அணைத்திருக்கிறது. இப்படி உட்கார்ந்தவருக்கு வண்டி முன்னே பாய்ந்தால் உடம்பு இடது தோள் பக்கமாகச் சாயும். அந்தப் பக்கம் பிடித்துக்கொள்ள இருக்கும் ஒரே பொருள் இருக்கைக்குப் பின்னால் உள்ள கைப்பிடிக் கம்பி. அதைப் பிடிக்கவேண்டிய கையில்தான் பை இருக்கிறது. இருபக்கமும் கால் போட்டவருக்குத் தொடை வண்டியைக் கவ்விப் பிடிக்கும், இரண்டு ஃபுட்ரெஸ்ட் உண்டு. இவருக்கு வழுக்கும் ரெக்சின் மேலே பட்டுச் சேலை, கால் வைக்க ஒரு சின்னத் தகடு. விழாமல் இத்தனை லட்சம் பேர் தினமும் போய் வருவதுதான் ஆச்சரியம்.

இதைச் சொன்னதும் "அப்ப பொம்பளைங்க ரெண்டு பக்கமும் கால் போட்டு உட்காரட்டும்" என்று முடித்துவிடுகிறார்கள். உட்காரலாம், சுடிதாரில் அது சுலபம். ஆனால் முழுப் பொறுப்பையும் வண்டியின் மேல் எந்தக் கட்டுப்பாடும் இல்லாதவர் தலையில் வைப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. பையை முன்னால் கொக்கியில் மாட்டி அவர் இடது கையை விடுவிப்பது, மேட்டுக்கு முன் "பிடிச்சுக்கோ" என்று ஒரு வார்த்தை சொல்வது, நடைவேகத்தில் ஏறுவது, இருவர் போகும்போது ஷாக் அப்சார்பரின் ஸ்பிரிங்கை ஓரிரு படி கூட்டி வைப்பது, பின்டயர் காற்றைச் செயின் கவரிலோ கையேட்டிலோ இருவருக்கென்று போட்டிருக்கும் அளவுக்கு நிரப்புவது எல்லாம் முன்னால் இருப்பவர் செய்யவேண்டிய வேலைகள். கைப்பிடி, ஃபுட்ரெஸ்ட், பின்சக்கரத்தில் பாதியாவது மறைக்கும் சேலைத் தடுப்பு இந்த மூன்றும் மத்திய மோட்டார் வாகன விதி 123-படி கட்டாயம். ஸ்டைலுக்காக அவற்றைக் கழற்றிவிட்டு ஓட்டும் வண்டிகள் எத்தனை என்று நம் தெருவிலேயே எண்ணிப் பார்க்கலாம்.

அவருக்கென்று ஒரு ஹெல்மெட்

பின்னால் இருப்பவரும் ஹெல்மெட் போடவேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டம் 129-ஆம் பிரிவு. தமிழ்நாட்டில் உயர் நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு 2015 ஜூலை 1 முதல் இருவருக்கும் கட்டாயம் என்று அரசு அறிவித்தது. மருத்துவ ஆய்வுகளைச் சேர்த்து அலசும் காக்ரேன் தொகுப்பின்படி ஹெல்மெட் சாவை 42 சதவீதமும் தலைக்காயத்தை 69 சதவீதமும் குறைக்கிறது. இதெல்லாம் தெரிந்த கதை. தெரியாதது, பின்சீட்டுக்கு நாம் கொடுக்கும் ஹெல்மெட்டின் லட்சணம். வீட்டில் பழசாகிப்போன, ஒருமுறை கீழே விழுந்த, கணவர் அளவு ஹெல்மெட்தான் மனைவிக்கு வருகிறது. தெர்மாகோல் ஒருமுறைதான் நசுங்கும், பெரிய அடி வாங்கியதன் வேலை அத்தோடு முடிந்தது. அல்லது செக்கிங்குக்காகச் சாலையோரத்தில் வாங்கிய, காதுக்கு மேலே நின்றுவிடும் தொப்பி. அது மூடாத இடம் பின்மண்டை. அவர் விழுந்தால் அடிபடும் இடமும் அதுதான்.

புருவத்துக்குச் சுமார் இரண்டரை செ.மீ. மேலே, பின்னால் புடைத்த பகுதியைச் சுற்றி டேப் வைத்து அளந்தால் அளவு தெரியும். 56 செ.மீ. தலைக்கு 60 செ.மீ. ஹெல்மெட் கொடுத்தால் அது முதல் அடியிலேயே சுழன்றுவிடும். போட்டு, பட்டியை இரண்டு விரல் மட்டும் நுழையும்படி இறுக்கிவிட்டு, பின்விளிம்பில் கை கொடுத்து மேலே முன்னோக்கித் தள்ளவேண்டும். கழன்று வந்தால் வேறு அளவு பார்க்கவேண்டும், விழும்போதும் அது அப்படித்தான் கழன்று உருளும். கொண்டையும் கிளிப்பும் வைத்து அதன்மேல் போட்டால் பின்பக்கம் இரண்டு விரற்கடை தூக்கிக்கொண்டு நிற்கும், பட்டி தாடையைப் பிடிக்காது. தாழ்வாகப் பின்னலிட்டால் உட்காரும். மல்லிகைப்பூவை இறங்கிய இடத்தில் வைத்துக்கொள்ளலாம், பையில் வைத்தால் அது வாடிவிடாது. ஐ.எஸ்.ஐ. முத்திரைக்குக் கீழே சி.எம்./எல். என்று தொடங்கும் உரிம எண் இருக்கும். அதை பி.ஐ.எஸ். கேர் செயலியில் போட்டுப் பார்த்தால் தயாரிப்பாளர் பெயர் வரவேண்டும். வராத ஹெல்மெட்டில் இருப்பது ஸ்டிக்கர்.

துப்பட்டாவும் முந்தானையும் வேறொரு வழியில் கொல்கின்றன. பின்சக்கரத்திலோ செயினிலோ சிக்கிய துப்பட்டா, கழுத்தைச் சுற்றியிருந்தால், சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றுவதற்குள் இறுக்கிவிடும். குரல்வளை நசுங்குவதும் கழுத்தெலும்பு விலகுவதும் வண்டி விழாமலே நடக்கக்கூடியவை. கழுத்தைச் சுற்றாமல் குறுக்கே போட்டு இடுப்பில் முடிந்துகொள்வதற்கு ஐந்து நொடி.

குழந்தை, பெரியவர், ஓட்டுகிறவர்

குழந்தைக்கு உடம்போடு ஒப்பிட்டால் தலை பெரிது, கழுத்துத் தசை பலவீனம். ஸ்கூட்டரின் முன்னால் நிற்கவைத்த குழந்தை, பிரேக் பிடித்த கணத்தில் ஹேண்டில் பாருக்கும் ஓட்டுகிறவரின் மார்புக்கும் நடுவே மாட்டிக்கொள்கிறது, அப்பாவின் எடையே அதை நசுக்குகிறது. 4 வயதுக்கு உட்பட்ட குழந்தையை ஓட்டுபவரோடு சேர்த்துக் கட்டும் பட்டை, 9 மாதம் முதல் குழந்தை ஹெல்மெட், 40 கி.மீ. உச்ச வேகம் ஆகிய மூன்றும் 2023 பிப்ரவரியிலிருந்து விதி. பட்டையைக் கடையில் கேட்டால் பலர் பள்ளிப் பை வாரைக் காட்டுகிறார்கள். பைக்கின் பின்னால் கால் தொங்கவிட்டு உட்காரும் குழந்தையின் குதிகால் ஸ்போக்கில் மாட்டித் தோல் உரிந்து வருவது எலும்பு மருத்துவர்களுக்கு அன்றாடம். சேலைத் தடுப்பு இடப்பக்கம் மட்டும் இருக்கிறது, வலது கால் திறந்த சக்கரத்துக்கும் சூடான சைலன்சருக்கும் பக்கத்தில் ஆடிக்கொண்டிருக்கிறது. கால் எட்டாத குழந்தைக்கு ஷூ போட்டுவிடுவதே காயத்தைக் குறைக்கும்.

அறுபது தாண்டியவர்களுக்கு மூளை சற்றுச் சுருங்கி, மண்டைக்கும் அதற்கும் நடுவே உள்ள சிறு சிரைகள் இழுபட்டு நிற்கின்றன. இளைஞனுக்கு வீக்கத்தோடு போகும் அடியில் இவர்களுக்கு அந்தச் சிரை அறுந்து மெல்லக் கசிகிறது, சில சமயம் வாரங்கள் கழித்துத்தான் தெரியும். இதய நோய்க்காக ஆஸ்பிரினோ குளோபிடோக்ரெல்லோ வார்ஃபரினோ சாப்பிடுகிறவருக்குக் கசிவு எளிதில் நிற்கவும் செய்யாது. அப்பாவைப் பின்னால் வைத்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகும்போது அந்த மாத்திரைச் சீட்டு சட்டைப்பையில் இருந்தால், விழுந்தபின் மருத்துவருக்கு அதுவே பாதி வழிகாட்டி.

ஓட்டுகிறவரின் காயங்கள் வேறு வரைபடம். கை ஹேண்டிலில் இருப்பதால் மணிக்கட்டும் காறையெலும்பும் முறிகின்றன. பைக்கில் டேங்க் நேராக இடுப்பெலும்பைப் பிளக்கிறது. பக்கவாட்டு மோதலில் முழங்காலுக்குக் கீழே எலும்பு தோலைக் கிழித்து வெளியே வருகிறது. காலைக் காப்பதா எடுப்பதா என்று முடிவு செய்ய உலக மருத்துவர்கள் பயன்படுத்தும் அளவுகோல்களில் ஒன்று கோவை கங்கா மருத்துவமனை உருவாக்கி 2006-இல் வெளியிட்டது. தோள் ஒரு பக்கம், தலை ஒரு பக்கம் இழுபட்டு விழுந்தால் கழுத்திலிருந்து கைக்குப் போகும் நரம்புக் கொத்து வேரோடு பிடுங்கப்படும். கை முழுதாக இருக்கும், அசையாது. இருபது வயதுப் பையன்களிடம் இதை அதிகம் காண்கிறார்கள். முகவாய்ப் பகுதியில் விழும் அடிகளும் நிறைய என்பதால், திறந்த முகப்பு ஹெல்மெட்டை ஓட்டுநருக்கு நான் பரிந்துரைப்பதில்லை. நேருக்கு நேர் மோதலில் பின்னால் இருப்பவரின் எடையும் முன்னவரின் முதுகில் வந்து விழுகிறது. ஆக, பின்சீட்டை ஒழுங்காகப் பிடித்துக்கொள்ளச் செய்வதில் ஓட்டுகிறவருக்கும் சுயநலம் உண்டு.

விழுந்த பிறகு

ஸ்பீடு பிரேக்கரில் விழுந்தவர் பெரும்பாலும் எழுந்து உட்காருவார். சேலையைச் சரிசெய்துகொண்டு "ஒண்ணுமில்ல, போலாம்" என்பார். கண்ணுக்கும் காதுக்கும் நடுவே உள்ள பொட்டுப் பகுதியில் அடிபட்டு எலும்புக்கு அடியில் ஓடும் தமனி கிழிந்திருந்தால், ரத்தம் சேர்ந்து மூளையை அமுக்க அரை மணி முதல் சில மணி நேரம்வரை ஆகலாம். அதுவரை பேசுவார், டீ குடிப்பார். பிறகு வாந்தி, தூக்கம், ஒரு கண்ணின் பாவை மட்டும் பெரிதாவது. "அசதியில தூங்குறா" என்று விட்டுவிட்ட வீடுகள்தான் மறுநாள் செய்தியாகின்றன. நினைவு ஒரு கணம் தப்பியிருந்தாலோ, இரண்டு முறை வாந்தி எடுத்தாலோ, காதிலோ மூக்கிலோ தெளிந்த நீர் வந்தாலோ சி.டி. ஸ்கேன் இருக்கும் மருத்துவமனைக்கே நேராகப் போகவேண்டும், நடுவில் தையல் போடும் கிளினிக் வேண்டாம். மயக்கத்தில் இருப்பவர் வாயில் தண்ணீர் ஊற்றக்கூடாது, அது நுரையீரலுக்குள் போகும். மூச்சுக்குத் தடையில்லை என்றால் ஹெல்மெட்டை 108 ஊழியர்கள் வந்து கழற்றட்டும். கழற்றியே ஆகவேண்டுமென்றால் ஒருவர் கழுத்தையும் தாடையையும் அசையாமல் பிடிக்க, இன்னொருவர் பட்டியை அவிழ்த்துப் பக்கவாட்டில் விரித்து உருவவேண்டும். 2021 டிசம்பர் 18-இல் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குப் பணம் கட்டவேண்டியதில்லை, அங்கீகரிக்கப்பட்ட தனியார் மருத்துவமனையிலும். கையில் காசு புரட்டிக்கொண்டு போகலாம் என்று காத்திருப்பதுதான் அந்த அரை மணியைத் தின்கிறது.

பிறகு இன்சூரன்ஸ். வேறு வண்டி மோதியிருந்தால் அந்த வண்டியின் இன்சூரன்ஸிடம் பின்சீட்காரர் இழப்பீடு கேட்கலாம். ஸ்பீடு பிரேக்கரில் தானாக விழுந்தால் கேட்பதற்கு இருப்பது நம் வண்டியின் பாலிசி மட்டும். அது வெறும் மூன்றாம் நபர் பாலிசியாக இருந்தால், சும்மா ஏறி வந்த பின்சீட்காரருக்கு அது பொருந்தாது என்று 2006-இல் திலக் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. முழுக் காப்பீட்டுப் பாலிசியில்தான் அவருக்கு இடம் உண்டு. உரிமையாளர்-ஓட்டுநருக்கு 15 லட்ச ரூபாய்த் தனிநபர் விபத்துக் காப்பீடு கட்டாயம். பின்னால் இருப்பவருக்கு அப்படி ஒன்று கட்டாயமில்லை, பெயர் குறிப்பிடாத பயணிக்கான காப்பீடு என்று தனியாகக் கேட்டு வாங்கவேண்டும், அதற்கான பிரீமியமும் அற்பம். புதுப்பிக்கும்போது ஏஜென்ட் அதைப் பற்றிப் பேசமாட்டார். நாமே கேட்டு, பாலிசித் தாளில் பி.ஏ. கவர் (தனிநபர் விபத்துக் காப்பீடு) என்ற கட்டத்தில் உரிமையாளர்-ஓட்டுநர் வரிக்குக் கீழே பயணி வரியிலும் ஒரு தொகை அச்சாகியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பணம் கட்டவேண்டும்.